துபாய்க்கு எதற்கு நுளம்பு வலை

மகனுக்கு உம்மாவின் ஸலாம். பக்கத்து அறையில் படுத்திருப்பவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். நம் வீட்டில் சில சொற்களை வாயால் சொல்ல முடிவதில்லை, மகன். சொன்னால் யாராவது கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எழுத்தென்றால் எழுந்து போனவர்களும் திரும்பி வந்து படிக்கலாம். இதை நீ எங்கே கண்டெடுத்தாய் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த நுளம்பு வலையின் மடிப்புக்குள் கண்டெடுத்திருப்பாய். முதல் தடவை அதை உன் பெட்டியில், சப்பாத்துக்கும் துவாய்க்கும் நடுவில் நான் வைத்தபோது நீ எடுத்து அலுமாரிக்கு மேல் வீசினாய். மறுபடியும் வைத்தேன். மறுபடியும் அலுமாரிக்கு மேல். அப்போது நாம் பேசியது உனக்கு நினைவிருக்கும்.

"உம்மா, துபாய்ல பத்தாம் மாடியில தங்கப் போறேன். நுளம்பு லிஃப்டுல ஏறியா வரும்?"

"வராட்டி நல்லதுதானே மகன். வலை என்ன, சோறா கேக்குது? மூலையில கிடக்கட்டும்."

"ஏர்போர்ட்ல பெட்டியத் தொறந்து இது என்னத்துக்குன்னு கேட்டா?"

"உம்மாவுக்குக் கொஞ்சம் மூளை பிசகுன்னு சொல்லுங்க."

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் மகன், நீ துபாய்க்குப் போகவில்லை. அது எனக்குத் தெரியும். போன கிழமை நீ முன்னறையில் சேர்ட்டுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாய். காதில் வயரை மாட்டிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாய். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. இராய், ரூவா, தேலு, எஃபத்ரா, டிமி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. துபாயில் யாரும் அப்படி எண்ணுவதில்லை. மடகஸ்கரில்தான் எண்ணுவார்கள்.

அந்த எண்களை நீ இப்போதுதான் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நடக்கப் பழகும் முன்னரே உனக்கு அவை தெரியும். பயணம் முடிந்து வரும் ஒவ்வொரு தடவையும் உன் வாப்பா உன்னை இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, 'டிமி' என்றதும் கூரைக்கு எறிவார். நீ மேலே போகும்போது மூச்சை அடக்கி, கீழே வரும்போது கெக்கலிகொட்டிச் சிரிப்பாய். நான் வாசற்படியில் நின்று கண்ணை மூடிக்கொள்வேன். அப்போது எனக்கு இருபது வயதுகூடச் சரியாக ஆகவில்லை. இன்றைக்கும் கண்டி பஸ்ஸில் நம் இருவரையும் பார்ப்பவர்கள் ராத்தாவும் தம்பியும் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளையையும், அடிக்கடி காணாமல் போகும் ஒரு புருஷனையும் வைத்துக்கொண்டு, மாத்தளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களோடு நான் நடத்திய குடித்தனம் அது. மடகஸ்கர் எங்கே இருக்கிறது என்று ஒரு பழைய உலகப் படப் புத்தகத்தில் தேடிப் பிடித்தேன். ஆப்பிரிக்காவின் பக்கத்தில், யாரோ ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் பார்க்காதபோது விரலால் தடவிப் பார்ப்பேன்.

யாரும் பார்க்காதபோது என்று எழுதுகிறேன் பார், அதுதான் விஷயம். உன் வாப்பாவைப் போல இரத்தினக் கல் வாங்கப் போகிறவர்கள் போகும் இடத்தைச் சொல்வதில்லை. அதைப் பொய் என்று அவர்கள் எண்ணுவதில்லை, தொழில் என்பார்கள். ஒரு ஆற்றங்கரையில் நல்ல நீலம் கிடைக்கிறது என்று ஒருவர் வாய் தவறினால், அடுத்த மாதம் அந்த ஆற்றங்கரையில் நம் பள்ளிவாசல் ஜமாஅத்தே வரிசையில் நிற்கும். அதோடு கண்ணூறு வேறு. வாப்பாவும் பெரியவாப்பாவும் பங்காளிகளாக இருந்த காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பாடம்: "கொழும்புல கடை பாக்கிறாங்க." வாப்பா விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு வர மாட்டார். முதலில் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போவார். அங்கே மஸ்கட் இனிப்பு ஒரு பெட்டியும் உனக்கு ஒரு சேர்ட்டும் வாங்கிக்கொண்டு, கொழும்பிலிருந்து வருகிற மனிதரைப் போல வேர்த்துக்கொண்டு வந்து இறங்குவார். நீ வாசலில் நின்று தெருவுக்கே கேட்க, "எங்கட வாப்பா கொழும்புலேந்து வந்தாச்சி!" என்று கத்துவாய். அந்த வசனத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான். உச்சரிப்பைக்கூடத் திருத்தினேன்.

ஒரே ஒரு சாமானை மட்டும் அவர் புறக்கோட்டையில் வாங்குவதில்லை. பெட்டியின் அடியில், கல் மடிக்கிற வெள்ளைக் கடதாசிக்குள் ஒரு பிடி வனிலாக் காய் இருக்கும். கறுத்து, எண்ணெய் பூத்து, தொட்டால் விரலில் ஒரு நாள் முழுக்க மணக்கும். அதை அலுமாரியில் என் சாரிகளுக்கு நடுவே வைப்பேன். வேறு ஊராக இருந்தால் அந்த மணமே காட்டிக்கொடுத்திருக்கும். மாத்தளையில் யார் கேட்கப் போகிறார்கள்? தம்புள்ளை வீதியில் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டுகிற வாசனைத் தோட்டம் ஒவ்வொன்றிலும் வனிலாக் கொடி படர்ந்திருக்கிறதே. வாப்பா வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது எனக்கு அந்த மணத்தில்தான் இருந்தது. மணம் மெல்லிதாகும்போது அவர் அடுத்த பயணத்துக்குத் தயாராகியிருப்பார். அவர் எதை மடித்தாலும் கல் மடிப்பதைப் போலவே மடிப்பதை நீயும் கவனித்திருப்பாய். மூன்றாக மடித்து, இரண்டு ஓரங்களையும் பின்னால் திருப்பி, மேல் நாக்கை உள்ளே செருகுவார். கைலேஞ்சி, தண்ணீர் பில், உன் பள்ளிக்கூடச் சேர்ட் எல்லாம் அப்படித்தான். ஒரு தடவை உன் சேர்ட்டைப் பார்த்த ஆசிரியை, "இதென்ன, கடைப் பார்சல் மாதிரி?" என்று கேட்டதாக வந்து அழுதாய்.

நான் நாவுல ஊர்க்காரி என்பதை நீ சில நேரம் மறந்துவிடுகிறாய். மாத்தளை ஆட்களுக்கு மலேரியா என்பது புத்தகத்தில் வருகிற சொல். எனக்கு அது எங்கள் வீட்டுக் கட்டில் ஆடுகிற சத்தம். சிறு வயதில் எங்களுக்குக் காய்ச்சல் வருவது மாமா வீட்டு ஆட்கள் வருவதைப் போல. வருவார்கள், நாலு நாள் இருப்பார்கள், போவார்கள், மறுபடியும் வருவார்கள். என் வாப்பாவுக்குக் குளிர் ஏறினால் வீட்டில் இருக்கிற போர்வை எல்லாவற்றையும் போட்டுப் பிறகு என்னையும் என் நானாவையும், உன் மாமாவைத்தான், மேலே ஏறிப் படுக்கச் சொல்வார்கள், பாரத்துக்கு. நாங்கள் அவர் முதுகில் படுத்துக்கொண்டு ரயிலில் போவதாக விளையாடுவோம். பல் கிட்டுகிற சத்தம்தான் தண்டவாளம். பிறகு நடுக்கம் நின்று, உடம்பு நெருப்பாகி, கடைசியில் வேர்வை ஊற்றும். ஊற்றி முடித்ததும் அவர் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போலக் கடையைத் திறக்கப் போய்விடுவார். மருந்தடிக்க வருகிற ஆட்கள் வந்தால் கட்டில், அலுமாரி, கோழிக்கூடு எல்லாம் முற்றத்துக்கு வரும். வெயிலில் நிற்கும் வீட்டுச் சாமான்களைப் பார்ப்பது எங்களுக்குப் பெருநாள். சுவரில் வெள்ளையாகக் கறை படியும், துடைக்கக் கூடாது. கசப்புக் குளிசையோடு ஒரு கித்துள் கருப்பட்டித் துண்டு தருவார்கள். நானா கருப்பட்டியைத் தின்றுவிட்டுக் குளிசையைக் கோழிக்குப் போடுவார். அந்த ஊரில் மலேரியா வராமல் இருந்தது எங்கள் கோழி ஒன்றுதான் என்று என் உம்மா சொல்வார். பிறகு ஒரு காலத்தில் அது நின்றது. எப்போது நின்றது என்று எங்களுக்குத் தெரியாது. வராத விருந்தாளியை யார் தேடுவார்கள்? நாடு முழுக்கவே ஒழிந்துவிட்டது என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அந்த ரயில் விளையாட்டை நினைத்துக்கொண்டேன்.

வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அந்த மழைக்காலம் உனக்கு அரைகுறையாக நினைவிருக்கலாம், ஆறாம் வகுப்பில் இருந்தாய். ஊர் முழுக்க டெங்கு. காய்ச்சல் என்றால் டெங்கு, வேறு பேச்சில்லை. நாங்களும் கொத்தமல்லித் தண்ணீர், பப்பாசி இலைச் சாறு என்று எல்லோரும் கொடுப்பதைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன என்றார்கள். டெங்கிலும் அப்படித்தானே குறையும். டெங்கு வார்டில் நோயாளிகளை வலைக்குள்தான் வைப்பார்கள், அவரும் வலைக்குள் கிடந்தார். பகல் பார்க்க விடுகிற நேரம் உன் பெரியவாப்பாவும் நானும் கட்டிலருகில் நின்றோம். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, இப்போதைய உன்னைவிட ஒரு சில வயது மூத்தவளாக இருந்திருப்பாள். அண்மையில் வெளிநாடு எங்காவது போனாரா என்று சிங்களத்தில் கேட்டாள். முதல் நாளும் கேட்டாளாம். பெரியவாப்பா முந்திக்கொண்டார்.

"நே, நே டொக்டர். கொழம்ப விதராய்." கொழும்பு மட்டும்தான் என்று. அந்த வசனம் அவர் வாயில் அவ்வளவு இலகுவாக வந்தது. எனக்கும் அப்படித்தான் வந்திருக்கும். உனக்குப் படிப்பித்தவள் அல்லவா நான்.

அப்போது கட்டிலுக்கு மேலிருந்த வலை அசைந்தது. மழைக்காக ஜன்னலை மூடியிருந்தார்கள், காற்று இல்லை. வலை மட்டும் மெல்ல மெல்ல ஆடிற்று. நான் கட்டில் கம்பியில் கையை வைத்தேன். கம்பி வழியாக அந்த நடுக்கம் என் முழங்கை வரை ஏறியது. மகன், அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் மறுபடியும் என் வாப்பாவின் முதுகில் படுத்திருந்தேன்.

"தங்கச்சி, நீங்க போய் கென்டீன்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க," என்றார் பெரியவாப்பா. என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"எனக்கு டீ வேணாம் நானா."

"மெதுவாப் பேசுங்க. பக்கத்துக் கட்டில்ல நம்மட ஆளுங்க ஈக்கிறாங்க."

மெதுவாகத்தான் பேசினேன். சிங்களத்தில், ஒரே மூச்சில், இவர் மடகஸ்கர் போய் வந்தவர், வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை என்றேன். டொக்டர் பிள்ளை கையிலிருந்த ஃபைலை அப்படியே கட்டிலில் வைத்தாள். "ஏன் இதை முதலே சொல்லல்ல?" என்று என்னைக் கேட்கவில்லை, பெரியவாப்பாவைக் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். பெரியவாப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் குறைவு. யாரோ தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவதைப் பார்ப்பவரைப் போலிருந்தார்.

ஒரு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வார்டுக்கு வராத டொக்டர்கள் எல்லாம் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். படித்திருக்கிறார்கள், கண்ணால் கண்டவர் சிலர்தான். அன்றே கண்டிக்கு அனுப்பினார்கள். மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போயிற்று, கண் மஞ்சளாயிற்று. என்னை அடையாளம் தெரியாமல் ஒரு பகல் முழுக்க 'ரூவா, ரூவா' என்று இரண்டாம் எண்ணிலேயே நின்றார். மூன்றைச் சொல்லுங்கள் என்று நான் காதருகில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நாள் கொழும்பென்றே இருந்திருந்தால் மூன்று வந்திருக்காது என்று பிறகு சொன்னார்கள். இன்றும் அவருக்கு உப்பில்லாமல் ஒரு சட்டி தனியாக அடுப்பில் ஏறுகிறது என்றால் அது அந்த நாட்களின் மிச்சம். தெளிந்து உட்கார்ந்த அன்று, பார்க்க வந்த டொக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் எனக்குச் சிரிப்பு மூட்டுகிறது. இரத்தத்துக்குள் என்ன கண்டீர்கள் என்று கேட்டார். மோதிரம் போல இருக்கும், நீல மோதிரம், அதில் சிவப்பாக ஒரு கல் வைத்தது போல, என்றார் டொக்டர். வாப்பா என் பக்கம் திரும்பி, காய்ந்த உதட்டோடு, "கேட்டீங்களா? மாணிக்கம் பதிச்சதாம். இவ்வளவு நாளும் எங்கெங்கயோ போய்த் தேடினேன்," என்றார்.

உனக்கு நினைவிருப்பது இதற்குப் பிறகு நடந்ததுதான் என்று நினைக்கிறேன். சுகாதாரப் பகுதியின் ஜீப் நம் தெருவுக்கு வந்தது. ஒருவருக்கு வந்தால் சுற்றியுள்ள வீடுகள் எல்லாவற்றிலும் இரத்தம் பார்க்க வேண்டும், நுளம்பு பிடித்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அவர்கள் செய்தது சரி. ஆனால் ஜீப் தெருவை விட்டுப் போவதற்குள் கொழும்புக் கதை தெரு முழுக்க உடைந்து கிடந்தது. முன்வீட்டு மாமி விரலைத் துடைத்துக்கொண்டே, "ஏன் புள்ள, கொழும்பு இப்ப ஆப்பிரிக்காவிலயா ஈக்கு?" என்று கேட்டார். நீ என் அபாயாவுக்குப் பின்னால் ஒளிந்து கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டாய். நான் உன் விரலைப் பிடித்து இழுத்து நீட்டினேன். ஊசி குத்தியதும் நீ அழுதது வலிக்கு இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பொடியன்கள் உன்னை 'டேய் மலேரியா' என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு, "நீங்கதானே சொன்னீங்க! கொழும்புன்னு சொல்லச் சொல்லிட்டு நீங்களே சொன்னீங்க!" என்றாய். நீ சொன்னது உண்மை.

பங்கு பிரிந்தது. பெரியவாப்பா பெருநாளுக்கு வருவதை நிறுத்தினார். "இவகிட்ட சொன்னா பள்ளி ஸ்பீக்கர்ல சொன்ன மாதிரி" என்று அவர் எங்கோ சொன்னது நம் குடும்பத்துக்குள் பகிடியாகி, நீயும் வாலிபனான பிறகு இரண்டொரு தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். நானும் கூடச் சிரித்தேன். ஆனால் எனக்கு அது முள். கலியாண வீட்டில்கூட நாலு பேரோடு சேர்ந்து பேசாமல் மூலையில் இருந்துவிட்டு வருகிறவள் நான். இந்த மாத்தளையில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே இரகசியம் அதுதான். அந்த ஒன்றுக்காக என்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று நீ முடிவெடுத்திருக்கிறாய்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்தக் கோபக் காலத்திலும் பெருநாளுக்கு நான் பெரியவாப்பா வீட்டுக்கு ஒரு பீங்கானில் வட்டிலப்பம் அனுப்பினேன். பீங்கான் திரும்பி வரவில்லை. நம் ஆட்களிடம் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை அல்லவா, ஏதாவது வைக்க வேண்டும். வைப்பதென்றால் கோபம் தீர்ந்ததாக ஆகிவிடும். அதனால் என் பீங்கான் அங்கேயே கிடந்தது. ஒரு நாள் பகல், நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது, உன் பெரியும்மா முக்காட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பின் வாசலால் வந்தார்.

"பீங்கான் குடுக்க வந்தேன் தங்கச்சி."

"இப்பதான் கழுவி முடிஞ்சதா மதினி?"

"ஏசுங்க, ஏசுங்க. ஏசிட்டு ஒரு விஷயம் கேளுங்க." பீங்கானில் நாலு தேசிக்காய் இருந்தது. "அவர் வந்து நாலஞ்சி நாள். உடம்பு சுடுது. கேட்டா கொழும்பு வெயில்ங்கிறார்."

"எந்தக் கொழும்பு?"

பெரியும்மா சிரித்தார். சிரித்த வாயோடு அழுதார். மலேரியாப் பிரிவில் நம் தெருவுக்கு வந்தவர்களில் ஒருவர், கொஞ்சம் தமிழ் பேசுகிற சிங்களவர், தன் நம்பரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். ஜீப் கூடாது, காக்கிப் பை கூடாது, தெருமுனைச் சரக்குக் கடையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு மிளகு வாங்க வந்த ஆளைப் போல வர வேண்டும். வந்தார். பெரியவாப்பா குசினிக்குள் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு விரலை நீட்டினார். ஒன்றுமில்லை, வெறும் தடிமன் காய்ச்சல். "சும்மா கிடந்த ஒரு சொட்டு இரத்தம் போச்சி" என்று முணுமுணுத்தாராம். ஆனால் அடுத்த பயணத்துக்கு முன்னால் தானாகவே போய்க் குளிசை வாங்கினார். திரும்பி வந்ததும் தானாகவே விரலை நீட்டினார். அந்தப் பெருநாளுக்கு வீட்டுக்கும் வந்தார், நீதான் கதவைத் திறந்தாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பீங்கான் வரத் தொடங்கியது. யாருடைய புருஷன் 'கொழும்பிலிருந்து' வந்தாலும், யாருடைய மகன் 'சீனாவிலிருந்து' வந்தாலும், ஒரு பீங்கானில் எதையாவது வைத்துக்கொண்டு பின் வாசலால் ஒரு பெண் வருவாள். நான் நாடு எது என்று மட்டும் கேட்டு, மலேரியாப் பிரிவு ஆளுக்குத் தகவல் சொல்வேன். என்ன கல், என்ன விலை, யாருடைய பங்கு என்று ஒருபோதும் கேட்டதில்லை. நம் வீட்டில் ஏன் இவ்வளவு பொருந்தாத பீங்கான்கள் என்று நீ கேட்டிருக்கிறாய், "தெருவுக்கே ஹோட்டல் நடத்துறீங்களா உம்மா?" என்று. அதற்குக் காரணம் இதுதான். மிளகு வாங்க வருகிற அந்த மனிதர் போன தடவை வந்தபோது, "எங்கட வீட்டில மிளகு மலை மாதிரி, மிஸ். வேற ஏதாவது வாங்கிற ஆளா வரவா? வீட்டு நோனா ஏசுறா," என்றார். அடுத்த தடவை கறுவா வாங்குங்கள் என்றேன். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் வாப்பாவிடமும் சொன்னதில்லை. இப்போதும் யாருடைய பெயரையும் உனக்கு எழுதவில்லை, உன் பெரியவாப்பாவைத் தவிர. அவர் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "அவனுக்குச் சொல்லுங்க. நான் குடுத்த புத்தி ஒன்னு, நான் எடுத்த புத்தி இன்னொன்னு," என்றார்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரைகடல் ஓடித் திரவியம் தேடச் சொன்னவர்கள், திரும்பி வரும்போது உடம்பில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்கச் சொல்லவில்லை, அதை நான் சேர்த்துக்கொள்கிறேன். கொழும்பு, துபாய், எதை வேண்டுமானாலும் ஊருக்குச் சொல். நானும் அதையே சொல்வேன். ஆனால் போகும் முன் ஒருவரிடமும், வந்த பின் அதே ஒருவரிடமும் மட்டும் நாட்டின் பெயரைச் சொல். குளிசையை இங்கிருந்தே விழுங்கத் தொடங்க வேண்டும், அங்கே இருக்கும்போதும் விட முடியாது, வந்த பிறகும் சில கிழமை விழுங்க வேண்டும். உனக்காக நானே போய் அந்த மனிதரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஆளைப் பாக்காம குளிசை தர ஏலாது மிஸ். பொடியனை வரச் சொல்லுங்க. பேர் ஊர் வெளிய போகாது," என்றார். பொடியன் யார் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குளிசை விழுங்கினாலும் வந்தவுடன் இரத்தம் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், எந்த டொக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், அவர் கேட்கும் முன்னரே நீ சொல்ல வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொல்லியிருக்கிறது. கட்டாமல் நம்புவது நம்பிக்கை அல்ல, சோம்பல்.

இது உன் உயிர் மட்டும் என்றால்கூட இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. வெள்ளிக்கிழமைகளில் நீ நாவுலைக்குப் போய் மாமா வீட்டில் படுத்து வருகிறவன். மாமாவின் பிள்ளைகள் உன் மேல் ஏறி விளையாடுவார்கள். ஆறு வற்றுகிற காலத்தில் கற்களுக்கு இடையே தெளிந்து நிற்கிறதே தண்ணீர், நீங்கள் கால் நனைக்கிற இடம், அந்த மலேரியா நுளம்பு முட்டையிடுவது அங்கேதான். எங்கள் ஊரை விட்டு நோய்தான் போயிருக்கிறது, மகன், நுளம்பு போகவில்லை. அது இத்தனை வருடமாக வெறும் வயிற்றோடு காத்திருக்கிறது. உன் இரத்தத்தில் அந்த மோதிரம் ஒன்று இருந்து, அது உன்னை ஒரு தடவை கடித்தால் போதும். பிறகு மாமாவின் சின்னவள் தன் வாப்பாவின் முதுகில் ஏறிப் படுத்து ரயில் விளையாடுவாள். அந்த விளையாட்டு எனக்கு இனிய நினைவுதான். அது நினைவாகவே இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை நான் மாத்தளை டவுனுக்குள் போகிறேன். மாரியம்மன் கோயில் பக்கம் பஸ்ஸில் இறங்கி, பிறகு அந்த மலேரியாக் காரியாலயத்துக்குப் போவேன். வாசலில் ஒரு நீள வாங்கு இருக்கிறது. கையில் ஒரு புத்தகத்தோடு அதில் உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் எதுவும் பேச வேண்டாம், எதுவும் கேட்க மாட்டேன். வராவிட்டால் புத்தகத்தை முடித்துவிட்டு வந்துவிடுவேன், செவ்வாய்க்கிழமை இன்னொன்று எடுத்துக்கொண்டு போவேன். நூலகத்தில் நான் படிக்காத புத்தகம் இன்னும் நிறைய இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நேற்று அஸர் தொழுதுவிட்டு, மூன்றாம் தடவையாக வலையை உன் பெட்டியில் வைக்கப் போனேன். அலுமாரிக்கு மேல் அது இல்லை. நீ எங்காவது எறிந்துவிட்டாய் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தால் வலை அங்கே இருந்தது. நான் சுருட்டித்தான் வைப்பேன், மடிக்கத் தெரியாது. இது மூன்றாக மடித்து, இரண்டு ஓரங்களையும் பின்னால் திருப்பி, மேல் நாக்கை உள்ளே செருகி இருந்தது. விறாந்தைக்குப் போனேன். உன் வாப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"துபாய்ல இப்ப நுளம்பு கூடவாம்," என்றேன்.

"கேள்விப்பட்டேன்," என்றார், பேப்பரை இறக்காமலே.

இவ்வளவு வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அந்த மடிப்பை நான் குலைக்கவில்லை. இந்தக் கடிதத்தை அதன் நாக்குக்குள் செருகி வைக்கிறேன். நீ வரும்போது தெருவுக்குக் கொடுக்கத் துபாய்ப் பேரீச்சம்பழம் நானே இங்கே வாங்கி வைத்திருப்பேன், அந்தக் கவலை வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு பிடி வனிலாக் காய் கொண்டு வா. அலுமாரி மணத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அது மணக்கத் தொடங்கிய அன்றே, நீ குளித்து முடிக்கும் முன்னரே, கறுவா வாங்குகிற ஒருவர் பின் வாசலால் வருவார். போன தடவை உன் விரலைப் பிடித்து இழுத்தது நான். இந்தத் தடவை நீயாக நீட்டு, மகன்.

உம்மா